கறுத்துப்போன ஊஞ்சல், மாவு கொட்டும் கட்டில்: வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாமனாரின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. முற்றத்தை ஒட்டிய கூடத்தில் ஆறடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு தேக்கு ஊஞ்சல், பிரம்பு பின்னிய ஈட்டிமர நாற்காலி இரண்டு, ஒரு மேசை, மேற்குச் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு தேக்கு அலமாரி இருக்கின்றன. வருஷா வருஷம் போகிக்கு முன்னால் மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து எல்லாவற்றையும் துடைப்போம். மாமியார் காலத்திலிருந்து அதுதான் பழக்கம். இப்போது ஊஞ்சல் கறுத்துவிட்டது. உட்கார்ந்தால் புடவையில் பிசுக்கு ஒட்டுகிறது. மேசையில் காபி டபரா வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். மழை தொடங்கியதும் அலமாரிக்குள் பூசணம் பூத்துவிட்டது, இழுப்பறையைத் திறக்கவே முடியவில்லை. கஜா புயலில் சாய்ந்த கொல்லை மாமரத்தை அறுத்துச் செய்த கட்டிலுக்குக் கீழே தினமும் மாவு கொட்டிக் கிடக்கிறது. பாலிஷ் போடுகிறவர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சுரண்டி எமரித்தாள் தேய்த்துப் புதிதாக்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா? பின்கட்டில் சும்மா கிடக்கும் நெல் பத்தாயத்தைப் பிரித்து ஷெல்ஃப் செய்துவிடலாம் என்றும் வீட்டில் பேச்சு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கட்டிலைக் கூடத்திலிருந்து எடுத்துத் தாழ்வாரத்தில் தனியாகப் போடுங்கள். மற்ற எல்லாம் மாசி வரை காத்திருக்கும், கட்டில் காத்திருக்காது. பாலிஷ்காரரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் சுரண்ட வேண்டிய பொருள் எதுவும் அந்த வீட்டில் இல்லை.

கட்டிலிலிருந்து தொடங்குவோம். கொட்டுவது என்ன மாதிரி மாவு என்று பாருங்கள். விரலிடையில் தேய்த்தால் முகப் பவுடர் போல வழுவழுவென்று இருந்து, கட்டிலில் குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள் தெரிந்தால் அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. மாவாக இல்லாமல் கசகசா போலச் சின்னச் சின்ன கெட்டி மணிகளாகக் கொட்டினால் அது மண் இல்லாமலே மரத்துக்குள் வாழும் உலர்மரக் கரையான். காலோடு மண்குழாய் ஏறியிருந்தால் தரைக் கரையான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மாமரம், மாவு என்று நீங்கள் எழுதியிருப்பதால் வண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த வண்டுக்கு வேண்டியது மரத்திலிருக்கும் மாவுச்சத்து. அது மரத்தின் நடுவிலிருக்கும் கெட்டியான வைரத்தில் கிடையாது, அதைச் சுற்றியிருக்கும் வெளுத்த வெளிறில் இருக்கிறது. தேக்கிலும் ஈட்டியிலும் வைரம் பாய்ந்த பகுதியை வண்டு தொடாது. ஓரத்தில் வெளிறு விட்டுச் செய்திருந்தால் அந்த வெளுத்த பட்டையை மட்டும் அரிக்கும். மாமரத்தில் அப்படிக் காக்கிற வைரம் இல்லை, முழுக் கட்டையும் வண்டுக்குத் தீனி. அதோடு 2018 நவம்பரில் ஊரெங்கும் ஒரே இரவில் மரம் சாய்ந்தபோது, அறுத்த பலகையை நிழலில் அடுக்கிக் காயவைத்துப் பக்குவம் பார்க்கப் பலருக்கு முடியவில்லை. பச்சைப் பலகையில் செய்த கட்டில்களில் இன்று மாவு கொட்டுவது இதனால்தான்.

துளைக்குள் ஊசி போட்டு மண்ணெண்ணெய் ஏற்றச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் பலன் குறைவு. நீங்கள் பார்க்கும் துளை, வளர்ந்த வண்டு வெளியே போன வாசல். புழு இன்னும் உள்ளே இருக்கும் சுரங்கங்களை அதுவே மாவால் அடைத்து வைத்திருக்கும், எண்ணெய் அங்கே போய்ச் சேராது. படுக்கிற கட்டிலில் தீப்பிடிக்கும் எண்ணெய் ஊறியிருப்பதும் நல்லதல்ல.

வேலை செய்வது வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் பவுடரும். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், பொரிக்காததாகக் கேளுங்கள். போரிக் பவுடர் மருந்துக் கடையில் கிடைக்கும், கேரம் பலகையில் தூவுவதும் அதுதான். கையுறை போட்டுக்கொண்டு 2 லிட்டர் நல்ல வெந்நீரில் 120 கிராம் வெண்காரத்தையும் 80 கிராம் போரிக் பவுடரையும் முழுதாகக் கரையுங்கள். ஒற்றைக் கட்டிலுக்கு இது போதும். இந்த மருந்து பாலிஷைத் தாண்டி உள்ளே போகாது. அதனால் கட்டிலின் அடிப்பக்கம், சட்டத்தின் உட்பக்கம், கால்களின் உட்பக்கம் ஆகிய கண்ணில் படாத இடங்களில் 80 நம்பர் உப்புத்தாள் போட்டு மரம் தெரிய வையுங்கள். இரண்டு அங்குல பிரஷ்ஷால் சூடாகவே பூசுங்கள். அரை மணி விட்டு, காய்வதற்குள் இரண்டாவது கை, மறுபடி மூன்றாவது கை. அறுத்த முனைகளிலும் பொருத்துகளிலும் தாராளமாக விடுங்கள்.

பூசி முடித்ததும் பிளாஸ்டிக் ஷீட்டால் சுற்றி ஒரு வாரம் கட்டி வையுங்கள். ஈரம் இருக்கும்வரைதான் மருந்து உள்ளே பரவும், உடனே காய்ந்துவிட்டால் மேல்தோலிலேயே நின்றுவிடும். கார்த்திகை மாத ஈரக்காற்று நமக்கு உதவி செய்கிற ஒரே வேலை இதுதான். அப்புறம் ஷீட்டைப் பிரித்து இரண்டு மூன்று வாரம் காற்றாட விட்டு, மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டு இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். வெண்காரம் தண்ணீரில் கரைந்து போகக்கூடியது, அதனால் மூடாமல் விடக் கூடாது. வார்னிஷ் காயும்வரை யாரும் படுக்க வேண்டாம். கலவையைக் குழந்தைகள் கைக்கும் மாட்டுத் தொட்டிக்கும் எட்டாமல் வையுங்கள்.

மருந்து அடித்த பிறகும் சில மாதம் கொஞ்சம் மாவு விழலாம். உள்ளே இருக்கும் புழு உடனே சாகாது. நிலவரம் தெரிய, இருக்கிற துளைகளை மெழுகால் அடைத்துவிட்டுக் கீழே கறுப்புத் துணி விரித்து வையுங்கள். அடுத்த ஆவணிக்குள் புதுத் துளை இல்லையென்றால் வேலை முடிந்தது. ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் அரை சென்டிமீட்டர் உள்ளே இறங்குகிற குறுக்குச்சட்டம் ஏதாவது இருந்தால் மருந்தில் நேரம் போக்காமல் மாற்றிவிடுங்கள், ஆள் படுக்கிற பாரம் அதன் மேல் இருக்கிறது. இனி கொல்லை மரம் எதையாவது அறுத்தால், பலகை பச்சையாக இருக்கும்போதே இந்தக் கலவையை அடித்து, இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். மரத்தையும் மூங்கிலையும் நம் பக்கத்தில் குளத்தில் ஊறப்போட்டது இதே காரணத்துக்காகத்தான், ஊற ஊற மாவுச்சத்து கரைந்து போகும்.

இனி எண்ணெய்ப் பழக்கம். மாமியார் செய்ததைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள், டெல்டா முழுக்க இப்படித்தான் துடைக்கிறார்கள். துடைத்த கையோடு தெரிகிற பளபளப்பு ஈரத்தின் பளபளப்பு, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் பழைய மெழுகைக் கரைத்து எடுத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். தேங்காயெண்ணெய் அங்கேயே தங்கிவிடும். அது என்றைக்கும் காய்ந்து படலமாகாத எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் மாதிரி இறுகாது, நல்லெண்ணெய் அரைகுறையாகத்தான் இறுகும். காயாத எண்ணெயில் தெருப்புழுதியும், விளக்குப் புகையும், கை வியர்வையும் வருஷா வருஷம் ஒட்டி ஒட்டி ஏறியதுதான் உங்கள் ஊஞ்சலின் கறுப்பு. மரம் கறுக்கவில்லை. பாலிஷ் போட்ட மரத்துக்கு எண்ணெய் ‘ஊட்ட’ வேண்டிய அவசியமே இல்லை. படலத்தைத் தாண்டி அது உள்ளே போவதும் இல்லை.

அழுக்கை எடுக்கும் முன்னால், அதன் அடியில் என்ன பாலிஷ் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, ஊஞ்சல் பலகையின் அடிப்பக்கத்தில் பாலிஷ் வழிந்திருக்கும் இடமாகப் பார்த்து அரை நிமிஷம் வையுங்கள். ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறம் பஞ்சில் ஏறினால் அது அரக்கைக் கரைத்துப் போட்ட பிரெஞ்சு பாலிஷ். அந்தக் காலத்துப் பொருள் என்பதால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னருக்கு இளகினால் அது லாக்கர் என்கிற வகைப் பாலிஷ். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்) என்கிற இந்தக் காலத்து பாலிஷ், அதாவது பிற்காலத்தில் யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சொட்டுத் தண்ணீர் விட்டதும் மரம் உறிஞ்சிக்கொண்டால் பாலிஷே இல்லை. கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில் இன்னும் மேசைமேல் இருந்தால் கவனம். அரக்கு பாலிஷில் அது சிந்தினால் இந்தப் பஞ்சு செய்ததையே செய்துவிடும். வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஊஞ்சலைச் சுத்தம் செய்ய மழை விட்டு, பனியும் குறைந்து, மாசி வெயில் வரட்டும். சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பலகையைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். பித்தளைச் சங்கிலியைப் பலகையோடு வைத்துப் புளி போட்டு விளக்குகிறவர்கள் உண்டு. அந்தப் புளித் தண்ணீர் வழிந்த இடத்தில் பாலிஷ் மங்கும். இரும்புப் போல்ட் இருந்தால் ஈரத்தில் துருவும் தேக்கின் துவர்ப்பும் சேர்ந்து மையைப் போல ஒரு கறுப்பு வட்டம் கட்டும்.

முதலில் உலர்ந்த துடைப்பு. செதுக்கு வேலை உள்ள இடத்துக்கு ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ் எடுத்து, தகரப் பகுதி உரசாமல் துணி நாடா சுற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் ஷாம்பு. துணியை நனைத்து, சொட்டாமல் ஒட்டப் பிழிந்து, ஒரு சதுர அடி துடைத்ததும் காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போக வேண்டும். சலவைச் சோடாவோ பாத்திரப் பொடியோ வேண்டாம், காரம் பட்டால் தேக்கும் ஈட்டியும் கறுக்கும். சீயக்காய் தன் நிறத்தை விட்டுவிட்டுப் போகும்.

தண்ணீருக்கு வராத பிசுக்குக்கு டர்பன்டைன். பெயிண்ட் கடையில் எம்.டி.ஓ. என்று கேட்டாலும் கொடுப்பார்கள். உங்கள் பலகைக்குக் கால் லிட்டர் தாராளம். இது எண்ணெயையும் மெழுகையும் கரைக்கும், அடியில் இருக்கிற அரக்கைக் கரைக்காது. அதனால்தான் ஸ்பிரிட்டோ தின்னரோ எடுக்காமல் இதை எடுக்கிறோம். கதவுகளைத் திறந்து வைத்து, பூஜை விளக்கையும் அடுப்பையும் அணைத்துவிட்டு, கையுறையோடு செய்யுங்கள். வெள்ளை பனியன் வேஸ்ட்டில் கொஞ்சம் ஊற்றி, மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். துணி பழுப்பானதும் மடிப்பை மாற்றுங்கள், அழுக்குத் துணியால் தேய்த்தால் கரைந்ததை மறுபடி பூசுவதாகத்தான் ஆகும். கெட்டித்த இடத்தில் துணியை நனைத்துப் பத்து நிமிஷம் போட்டு வைத்து எடுத்தால் இளகும். அதற்கும் வராவிட்டால் வெள்ளை நைலான் பஞ்சால் அழுத்தாமல் தேயுங்கள். சமையலறை இரும்பு நாரை மட்டும் எடுக்காதீர்கள். அதிலிருந்து உதிரும் பொடி ரேகைக்குள் தங்கி, அடுத்த மழையில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். மூன்று தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் பலகை தன் நிறத்துக்கு வரும். கை அடிக்கடி படுகிற விளிம்பில் மட்டும் கொஞ்சம் கறுப்பு தங்கும். வியர்வையும் தலை எண்ணெயும் அரக்கையே இளக்கி உள்ளே போன இடம் அது. அதை விட்டுவிடுங்கள்.

போல்ட்டைச் சுற்றியிருக்கும் கறுப்பு வட்டம் டர்பன்டைனுக்கு அசையாது. அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட். பிளாஸ்டிக் கிண்ணத்தில் 200 மில்லி வெந்நீருக்கு 10 கிராம். பாலிஷ் போய் மரம் தெரிகிற இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தொட்டு வைத்து, இருபது நிமிஷம் கழித்து நல்ல தண்ணீர்த் துணியால் மூன்று தடவை துடைக்க வேண்டும். இது விஷம். காய்ந்தபின் அங்கே உப்புத்தாள் போட்டால் தூசு மூக்கில் ஏறும், அதனால் தேய்க்க வேண்டியதை முன்னாலேயே தேய்த்துவிடுங்கள். இரும்புப் போல்ட்டுக்குப் பதில் பித்தளை போடுங்கள், அதுவும் முடியாவிட்டால் மெழுகில் தோய்த்த வாஷர் ஒன்றை இடையில் வையுங்கள்.

சுத்தமான பலகைக்கு இப்போது மெழுகு. கடையில் விற்கும் ஸ்ப்ரே பாலிஷ் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது ரேகைக்குள் புகுந்துவிட்டால் நாளைக்கு எந்த பாலிஷ் போட்டாலும் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது. தேன்மெழுகு 100 கிராம், டர்பன்டைன் 300 மில்லி, வெள்ளைக் குங்கிலியம் என்கிற மரப்பிசின் 10 கிராம். தேன்மெழுகு மட்டும் போட்டால் நம் சித்திரை வெயிலுக்கு இளகித் தூசு பிடிக்கும். சுவாமிமலையில் சிலைக்கு மெழுகு உரு பிடிக்கிற ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியம் சேர்ப்பதுபோல நாமும் சேர்த்தால் மெழுகு கெட்டிப்படும்.

குங்கிலியத்தைப் பொடித்து டர்பன்டைனில் போட்டு மூடி ஒரு நாள் ஊறவைத்து, அடிமண்டி வராமல் துணியில் வடிகட்டுங்கள். மெழுகைச் சின்னப் பாத்திரத்தில் போட்டு, கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். உருகியதும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் திண்ணைக்குக் கொண்டுபோய், அங்கேதான் டர்பன்டைனைக் கலக்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் கலந்தால் தீ பற்றும். ஆறினால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். மூடி இறுக்கமான பாட்டிலில் வைத்தால் இரண்டு வருஷம் வரும். உங்கள் ஊஞ்சலுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போதும். மெல்லிசாகத் தடவி, அரை மணி கழித்துப் பழைய வேட்டித் துணியால் கை சூடேறத் தேயுங்கள். பிசுபிசுப்பு தெரிந்தால் அதிகம் தடவிவிட்டீர்கள் என்று அர்த்தம், இன்னும் தேயுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனியில். மற்ற நாளெல்லாம் காய்ந்த துணி மட்டும்.

டர்பன்டைன் துணிகளை உருண்டையாகச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், கம்பியில் விரித்துக் காயவிட்டு எறியுங்கள். யாராவது ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில் வாங்கிவந்து பூசச் சொன்னால் இதை இரண்டு மடங்கு நினைவில் வைக்க வேண்டும். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும், குவித்துப் போட்ட துணி தானாகவே எரியும்.

மேசை வட்டம் வெள்ளையாக இருப்பது நல்ல செய்தி. வெள்ளை என்றால் ஈரம் பாலிஷ் படலத்துக்குள்தான் சிக்கியிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. அரக்கு ஏறக்குறைய 75 டிகிரியில் இளகத் தொடங்கும். நுரை பொங்க ஆற்றிய காபி டபராவின் அடிப்பாகம் அந்தச் சூட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. முடி உலர்த்தும் டிரையர் இருந்தால், மிதமான சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே இரண்டு மூன்று நிமிஷம் காட்டுங்கள். புது வட்டம் இதிலேயே போய்விடும். பழைய வட்டத்துக்குச் சலித்த வறட்டிச் சாம்பல் ஒரு சிட்டிகை, நல்லெண்ணெய் இரண்டு சொட்டு, விரலில் சுற்றிய துணி. ரேகைத் திசையில் மெல்லத் தேய்த்து, எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட் துணியால் ஒரு வீச்சு வீசினால் வட்டம் மறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நொடி கை நின்றால் துணி பாலிஷோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பழகிய கைக்கு விடுவது நல்லது. இனிமேல் மேசையில் ஒரு பிரிமணையோ கோரைத் தடுக்கோ இருக்கட்டும்.

அலமாரிப் பூசணத்துக்குக் காரணம் அலமாரி இல்லை, அது நிற்கிற இடம். மழைக்காலம் முழுக்க மேற்குச் சுவர் ஈரம் குடித்து நிற்கிறது; முற்றத்துச் சாரலும் கூடத்துக் காற்றிலேயே கலக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூசணம் பிடிக்கும், சுவரோடு ஒட்டிய முதுகுப்பக்கம் எப்போதும் அதற்கு மேல்தான் இருக்கும். சுவருக்கும் அலமாரிக்கும் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மழை இல்லாத நாளில் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை கதவைத் திறந்து வையுங்கள். காலையில் திறக்காதீர்கள், விடிகாலைக் காற்றுதான் அன்றைக்கே அதிக ஈரமானது. பாச்சை உருண்டையும் வசம்பும் பூச்சிக்குத்தான், ஈரத்தை எடுக்காது. வைப்பதானால் துணியில் முடிந்து, பாலிஷில் படாமல் வையுங்கள்.

பூசணத்தை ஈரத் துணியால் துடைத்தால் பரவத்தான் செய்யும். மூக்கை மூடிக்கொண்டு, வெளியே வைத்து, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். உட்பக்கம் பாலிஷ் இல்லாத வெறும் மரமாக இருந்தால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கலாம். வெளிப்பக்கம் பாலிஷில் ஸ்பிரிட் படக் கூடாது, அங்கே டர்பன்டைன். நேர் வெயிலில் நிறுத்தாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்து பலகை வளையும்.

கால்களையும் பாருங்கள். தினமும் தரை துடைக்கிற தண்ணீர் காலின் அடிமுனை வழியாகத்தான் மேலேறும். மரத்தின் குறுக்குவெட்டு முனை தண்ணீரை வைக்கோல் தட்டை மாதிரி உறிஞ்சும். அலமாரியைச் சாய்த்து, அடிமுனை நன்றாகக் காய்ந்த நாளில் உருக்கிய மெழுகை மூன்று தடவை ஊட்டிவிட்டு, ரப்பர் புஷ் மாட்டுங்கள். எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் காலை நிறுத்துகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், இற்றுப்போவது அங்கேதான் தொடங்கும். காலில் மண்குழாய் தெரிந்தால் சுரண்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அது தரைக்கு அடியிலிருந்து வருகிறது. சுவரோரத் தரையில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்குகிற ஆட்களைக் கூப்பிட வேண்டிய வேலை அது.

இழுப்பறையை இப்போது யாரும் இழைப்புளி போட விடாதீர்கள். மரம் நீளவாக்கில் அசைவதில்லை, அகலவாக்கில்தான் ஊதும். ஓர் அடி அகலத் தேக்குப் பலகையில் ஈரம் ஆறு சதவீதம் கூடினால், அறுத்த வாக்கைப் பொறுத்து, 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை விரியும். கார்த்திகையில் இழைத்துச் சரிசெய்த இழுப்பறை சித்திரையில் கடகடவென்று ஆடும். பக்கத்து இழுப்பறையை எடுத்துவிட்டு உள்ளிருந்து மெல்லத் தள்ளித் திறந்து, திறந்தபடியே விட்டுவையுங்கள். ஓடுகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். பங்குனியிலும் இறுக்கமாக இருந்தால் விளிம்பில் சாக்பீஸ் தடவி, உரசுகிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் ஒரு இழைப்பு போதும். இதையும் தச்சரிடம் சொல்லிவையுங்கள்: கதவுச் சட்டத்துக்குள் இருக்கும் பலகை காடியில், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில், ஒட்டாமல் உட்கார்ந்திருப்பது குறை இல்லை, அது ஊதிச் சுருங்க விட்ட இடம். ஆடுகிறதே என்று ஆணி அடித்தாலோ பசை விட்டாலோ வெயில் காலத்தில் பலகை நடுவில் வெடிக்கும்.

நாற்காலிக்குத் துடைப்பும் மெழுகும் ஊஞ்சலைப் போலத்தான். தொய்ந்த பிரம்புக்கு அடிப்பக்கம் மட்டும் வெந்நீர்த் துணியால் ஒற்றி, நிழலில் ஒரு நாள் உட்காராமல் காயவிட்டால் ஓரளவு இழுத்துப் பிடிக்கும். இழை அறுந்திருந்தால் பின்னுகிறவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பாலிஷ்காரரை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அரக்கு பாலிஷின் பெரிய வசதியே சுரண்டாமல் புதுப்பிக்கலாம் என்பதுதான். புது அரக்கு பழைய அரக்கை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். எமரி போட்டால் போவது பாலிஷ் மட்டுமில்லை. நூறு வருஷத்து நிறமும், செதுக்கின் கூர்மையும் சேர்ந்து போகும். சுத்தம் செய்து மெழுகு போட்ட பிறகும் மங்கலாகத் தெரிந்தால் அவரையே கூப்பிடுங்கள். ஆனால் அரக்கு நிற்பதற்கு முதலில் நீங்கள் போட்ட மெழுகை டர்பன்டைனால் எடுக்கச் சொல்லுங்கள். “எமரி வேண்டாம், டீக் கலர் வேண்டாம், லேசாக இரண்டு கை பிரெஞ்சு பாலிஷ் போதும்” என்று வேலை தொடங்கும் முன்னாலேயே பேசிவிடுங்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அவலரக்கு, அதாவது அவல் போல மெல்லிய செதிலாக இருக்கும் அரக்கு, போதுமானது. கரைத்து ஆறு மாதத்துக்கு மேலான கரைசல் சரியாக இறுகாது, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மழை நாளில் யார் வந்தாலும் பாலிஷ் போட விடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து, முழுப் பலகையும் உங்கள் டபரா வட்டம்போல வெளுத்துவிடும்.

பத்தாயத்தைப் பிரிக்க வேண்டாம். பிரித்த பலகையில் ஷெல்ஃப் செய்தால் பழைய ஆணித்துளையும் காடியும் போக உங்களுக்கு மிஞ்சுவது குறைவு. முழுசாக நின்றால் அரிசிக்கும் பருப்புக்கும் வீட்டிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, மாசி வெயில் நாட்களில் மேல்மூடியையும் கீழ்வாயையும் திறந்து நான்கைந்து நாள் காற்று போக விடுங்கள். மூலைகளில் தங்கிய பழைய உமியையும் தவிட்டையும் பிரஷ்ஷால் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள், அந்துப்பூச்சி அங்கேதான் இருக்கும். வெளிப்பக்கத்துக்கு மெழுகு தடவலாம். உட்பக்கத்தில் மட்டும் நான் இந்தக் கடிதத்தில் சொன்ன எதையும், வெண்காரம், டர்பன்டைன், மெழுகு எதையுமே பூசாதீர்கள். சாப்பிடுகிற தானியம் அந்த மரத்தில்தான் உரசிக்கொண்டு கிடக்கப் போகிறது.